அவரை தலை குனிந்த கதை

அந்தக் காலத்தில் விதைகளுக்கு வாய் இருந்தது. முளைவிடும்போது ஈட்டி மாதிரி நேராக மேலே பார்த்தபடிதான் கிளம்பும். முதல் வெயில் பட்டதுமே பாதிக்கு மேல் நுனி கருகிச் செத்துப்போகும். பிழைத்தவரை லாபம் என்று ஜனங்களும் விட்டுவிட்டார்கள்.

ஒரு வருஷம் மழை கைவிரித்துவிட்டது. பவளாத்தாள் சாம்பலில் போட்டு வைத்திருந்த அவரை விதைகளில் வண்டு தின்றது போக மிஞ்சியது ஒன்றே ஒன்று. ஊரில் வேறு யாரிடமும் அதுகூட இல்லை. அதுவும் போனால் அவரை என்ற பேச்சே பூமியில் இருக்காது. குழந்தை கையால் போட்டால் தழைக்கும் என்று நம்பி, மூத்த மகள் வெள்ளாயியைப் புழக்கடையில் விதைக்கச் சொன்னாள். அவளுக்கு ஏழு வயது.

குழிக்குள் போகுமுன் விதை ஒரே ஒரு நிபந்தனை போட்டது. மூன்று நாள் தன்னை யாரும் பார்க்கக் கூடாது. பிள்ளைகளிடம் போய்ப் பார்க்காதே என்று சொன்னால் என்ன ஆகும் என்று அதற்கு எங்கே தெரியும்!

சாம்பலில் கிடந்தபோது ஓயாமல் தொணதொணத்த விதை, மண்ணுக்குள் போனதும் ஊமையாகிவிட்டது. வெள்ளாயி காதை மண்ணில் வைத்துக் கூப்பிட்டாள். இரண்டாம் நாள் காலையில் அம்மா சின்னதுகளைக் கூட்டிக்கொண்டு தொலைவிலிருந்த ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனதும் அவள் புழக்கடைக்கு ஓடினாள். செத்தே போய்விட்டது என்று பயந்து விரலால் மண்ணை விலக்கினாள்.

விதை பிளந்திருந்தது. ஒரு வெள்ளை வேர் தானாகவே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பிளவின் நடுவே, அவள் நகத்தைவிடச் சின்னதாக இரண்டு இலைகள், நரம்பு முதற்கொண்டு வரைந்து முடித்து மடித்து வைக்கப்பட்டிருந்தன. அந்த இருட்டுக்குள் உட்கார்ந்து இதை மடித்தது யார்? வெள்ளாயிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மூச்சு விடக்கூடப் பயமாக இருந்தது.

"பாத்துட்டியே கண்ணு," என்றது விதை. "இனி மண்ணைப் போட்டா நிமிந்த கழுத்து முறிஞ்சுரும். போடலைன்னா வெயில்ல கருகிருவேன்."

"நான் இருக்கேன்," என்றாள் வெள்ளாயி.

மண்டியிட்டு, தலையைக் கவிழ்த்து, விதையின் மேல் நிழலாகக் குனிந்தாள். வெயில் ஏறியது. பிடரி தீய்ந்தது. ஒரு இம்மிகூட அவள் அசையவில்லை.

பொழுது சாய்ந்து வந்த பவளாத்தாள் மகளின் பிடரி கொப்புளித்திருப்பதைக் கண்டு பதறினாள். திட்ட வாயெடுத்தவள், மகளின் நிழலில் பச்சையாகத் துடித்துக்கொண்டிருந்த முளையைப் பார்த்ததும் கைகூப்பினாள்.

"மொகத்தைத் தாழ்த்திட்டுப் பிடரியை வெயிலுக்குக் குடுத்துட்டா உன்ற புள்ள," என்றது விதை. "இத்தனை காலம் எனக்கு இது தோணலையே."

சொல்லிவிட்டு அது தன் கழுத்தை மெதுவாக வளைத்தது. முகத்தைப் பிளந்த தன் இரண்டு பருப்புகளுக்குள் புதைத்துக்கொண்டது. இப்போது மண் போட்டால் முறியாது. தாயும் மகளும் மூடினார்கள். மறுநாள் காலையில் மண் வெடித்தது. முதலில் வந்தது பிடரிதான்.

அன்று முதல்தான் அவரை முளை தலை குனிந்து, பிடரியால் மண்ணைப் பிளந்துகொண்டு வருகிறது. வெளியே வந்து சேர்ந்த பிறகே நிமிர்ந்து, தன் இரண்டு இலைகளையும் விரித்துக் காட்டுகிறது.