ஒருத்தி மட்டும் பார்த்த காணொளிகள்

"இன்னும் எத்தனை நாள் சேனலைத் திறக்காமலே வச்சிருக்கிறது, மேடம்?" என்று கேட்டார் பர்வதவர்த்தினி.

அவருக்கு வயது நாற்பத்தேழு. உணவுக் கலப்படத்தைக் கண்டறியும் ஆய்வகத்தில் வேலை பார்த்து, அதை உதறிவிட்டு வந்தவர். மிளகில் பப்பாளி விதையையும் தேனில் சர்க்கரைப் பாகையும் பிடித்துப் பழகியவர் என்பதால், மனிதர்களும் அவருக்குச் சோதிக்கப்பட வேண்டிய பொருள்களே.

'மேடம்' என்று அழைக்கப்பட்ட நிலோஃபருக்கு வயது முப்பத்தொன்று. யூடியூபில் சேனல் தொடங்குவோருக்குத் திருச்சியில் பயிற்சி அளிப்பவர்.

"இன்னும் கொஞ்சம் வீடியோ எடுங்கக்கா."

"எடுத்ததையே யாருக்கும் காட்டலையே."

"எனக்குக் காட்டுறீங்களே."

உணவுக் கலப்படத்தைக் காட்டிக்கொடுக்க பர்வதவர்த்தினி தொடங்கிய முதல் சேனல் ஏற்கெனவே செத்துவிட்டது. அதன் முதல் காணொளியை ஊரே பார்த்தது. அடுத்தது எங்கே என்று கேட்டது. அவரிடம் அடுத்தது இல்லை. அவர் அதை எடுத்து முடிப்பதற்குள் ஊர் வேறு யாரையோ பார்க்கப் போய்விட்டது.

இந்த இரண்டாவதும் செத்தால், பழைய ஆய்வகத்தின் வாசலில் போய் நிற்க வேண்டும். அங்கிருக்கும் மேலாளர் அந்தக் காட்சிக்காகவே ஓய்வுபெறாமல் காத்திருப்பதாக அவருக்குத் தோன்றியது.

ஆகவே நிலோஃபரிடம் வந்தார். நிலோஃபரோ, எடுக்கச் சொன்னார், வெளியிட விடவில்லை. எடுத்ததைத் தமக்கு மட்டும் அனுப்பச் சொன்னார். அனுப்பியதற்கெல்லாம் ஒரே பதில்தான் வந்தது: 'திரும்ப எடுங்க.'

என் யோசனைகளை இவள் வேறு யாருக்கோ கொடுக்கிறாளா? நான் வளர்ந்தால் விலகிப் போய்விடுவேன் என்று அஞ்சுகிறாளா? அல்லது, பார்க்காமலே பதில் போடுகிறாளா?

முதல் இரண்டையும் நிரூபிப்பது கடினம். மூன்றாவதற்குச் சோதனை உண்டு.

பெருங்காயத்தைப் பற்றிய காணொளியின் நடுவே அவர் கேமராவை முறைத்துப் பார்த்துச் சொன்னார்: "நிலோஃபர், நீ இதைப் பார்க்கலைன்னு எனக்குத் தெரியும். ஓடவிட்டுட்டு டீ குடிச்சிட்டிருப்பே. நான் வேலையை விட்டுட்டு வந்திருக்கேன். எனக்குப் பயமா இருக்கு. திரும்ப எடு, திரும்ப எடுன்னா, எதை மாத்தணும்னு சொல்லித் தொலையேன். வாய் வலிக்குதா?"

பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு பெருங்காயத்துக்குத் திரும்பினார்.

பதில் வந்தது. 'திரும்ப எடுங்க.'

மறுநாள் காலை, கையும் களவுமாகப் பிடித்த களிப்புடன் அவர் படியேறினார்.

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன்க்கா."

"முழுசாவா?"

நிலோஃபர் மடிக்கணினியைத் திருப்பி வைத்தார். அதில் அந்தக் காணொளி வெட்டப்பட்டிருந்தது. பெருங்காயம் இல்லை. கைகூப்பி விடைபெறுவது இல்லை. அந்த வசவு மட்டும் இருந்தது.

பர்வதவர்த்தினிக்கு முகம் சுருங்கியது. "ஏதோ கோபத்துல..."

"கோபம் இருக்கட்டும். இதுல யார்கிட்ட பேசுறீங்க?"

"உங்ககிட்டதான்."

"மத்த வீடியோவுல எல்லாம்?"

மற்ற காணொளிகள் யாவும் 'பொதுமக்கள் கவனத்திற்கு' என்றே தொடங்கின. ஆய்வகத்துச் சுற்றறிக்கையின் முதல் வரி அது. அவர் வேலையை விட்டிருந்தார். அந்த வரியை விடவில்லை.

"பொதுமக்கள்கிட்ட," என்றார்.

"அவங்க எந்தத் தெருவுல இருக்காங்கக்கா?"

பர்வதவர்த்தினி திரையைப் பார்த்தார். திரையில் அவருடைய முகம் உறைந்து நின்றது. அந்த முகத்தைக் கடந்து யாரும் அடுத்த காணொளிக்குப் போய்விட முடியாது என்பதை அவரே கண்டார். அதனாலேயே சந்தேகம் இருமடங்காயிற்று.

"இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா என்னை மாதிரிப் பேசப் பழகியிருப்பீங்க."

"இது நிஜமா? இல்லை, நான் கேட்டுட்டேன்னு இப்ப யோசிச்சுச் சொல்றீங்களா?"

நிலோஃபர் சிரிக்கவில்லை. கேமராவை எடுத்து மேசைமேல் வைத்து, அதை இயக்கினார்.

"இப்படியே, மிளகாய்த்தூள்ல செங்கல்பொடி கலக்குறவனைக் கேளுங்கக்கா."