ஏழு கலர் ஆழத்தில் ஒரு சால்மன்

கனடாவின் ஸ்காபரோவில் ஒரே மாடிக் கட்டடத்தில் சோதிலிங்கம், பொன்னுத்துரை, நாகேந்திரம் என்று மூன்று சிநேகிதர்கள் இருந்தார்கள். தங்கமான மனிதர்கள். யார் என்ன சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். அவர்களோடு இருந்த ஒரே கரைச்சல் அதுதான்.

சோதிலிங்கத்தின் மகளுக்கு நல்ல இடத்தில் ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் விநாசித்தம்பி டெலிபோனில், "உங்களுக்கு என்ன பொழுதுபோக்கு?" என்று கேட்டார். சோதிலிங்கம் தடுமாறிப்போய், "சால்மன் பிடிக்கிறது" என்றுவிட்டார். அதுவரை தகரப்பேணிக்கு வெளியே அவர் ஒரு சால்மனைக் கண்டதில்லை.

"நல்லதாப் போச்சு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாறம். நீங்கள் பிடிச்ச மீனைச் சாப்பிட்டுப்போட்டுக் கலியாணத்துக்கு நாள் வைப்பம். கடை மீன் வேண்டாம், சொல்லிப்போட்டன்" என்றார் விநாசித்தம்பி.

மகளோ அந்தப் பையனை விட்டால் வேறு ஒருவனையும் கட்டமாட்டேன் என்று நின்றாள். சோதிலிங்கத்துக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. சிநேகிதர்கள் இருவரும் அவரைக் கூட்டிக்கொண்டு புலேந்திரனின் தூண்டில் கடைக்குப் போனார்கள்.

புலேந்திரன் பொறுமைசாலி. ஒரு நூலை எடுத்துக் காட்டினார்.

"இதுக்கு உள்ளுக்கை ஈயம் ஓடுது. அதாலை தானாத் தாழும். பத்து யார் நீளத்துக்கு ஒருக்கா கலர் மாறும், எவ்வளவு நூல் விட்டிருக்கிறம் எண்டு பாக்கிறதுக்கு. இப்ப மீன் ஆழத்திலை நிக்குது, ஏழு கலர் விடுங்கோ. படகை ஆள் நடக்கிற வேகத்திலை ஓட்டுங்கோ, நூல் பின்னாலை இழுபட்டு வரும். ஈயநூல் தடிப்பு, அதாலை நூல் சுத்திற ரீலைப் பெரிசா எடுங்கோ."

மூவரும் ஒரு பக்கமாக ஒதுங்கி ஆலோசித்தார்கள்.

"ஈயம் பாரம். பெரிய ரீலும் பாரம். ரெண்டு பாரத்தை ஒரு தடியிலை ஏத்தலாமே?" என்றார் பொன்னுத்துரை.

"ஏத்தக்கூடாது. ஒண்டாவது லேசா இருக்கவேணும்" என்றார் நாகேந்திரம்.

கடையிலேயே மிகச் சிறிய ரீலைத் தெரிவு செய்தார்கள். இதில் மூன்று கலருக்கு மேல் கொள்ளாது என்று புலேந்திரன் தலையில் கைவைத்தார்.

"நாங்கள் மூண்டு பேர் இருக்கிறமே" என்றார் நாகேந்திரம்.

அப்படியே மூன்று சின்ன ரீல், மூன்று தடி வாங்கினார்கள். வாங்கிய பத்துக் கலர் நூலை வெட்டிப் பங்கு போட்டார்கள். சோதிலிங்கத்துக்குக் கவலை அதிகம் என்பதால் மூன்று கலர், மற்ற இருவருக்கும் இரண்டிரண்டு. மிச்ச மூன்று கலரையும் ஒருவரும் கேட்கவில்லை என்று கடையிலேயே கொடுத்துவிட்டு வந்தார்கள்.

சனிக்கிழமை காலை ஒண்டாரியோ ஏரிக்கரையில் வாடகைக்கு ஒரு படகு எடுத்தார்கள். ஏறும் முன்னரே சிக்கல் வந்தது.

"ஆள் நடக்கிற வேகம் எண்டால் ஆர் நடக்கிறது?" என்று கேட்டார் சோதிலிங்கம்.

அவர்கள் மனச்சாட்சி உள்ளவர்கள். நடக்காத ஆளின் வேகத்தில் படகு ஓட்ட அவர்களுக்கு மனம் வரவில்லை. நாகேந்திரத்துக்குத்தான் முழங்கால் நோ குறைவு. அவர் கரையோரப் பாதையில் நடப்பது, படகு அவருக்கு நேராகவே போவது என்று முடிவாயிற்று.

நாகேந்திரம் கைகளை வீசி நடந்தார். பொன்னுத்துரை படகை ஓட்டினார். சோதிலிங்கம் தூண்டிலை விட்டார். மூன்று கலர் போனதும் ரீல் வெறுமையாகிவிட்டது.

"இன்னும் நாலு கலர் போகவேணும். இந்தத் தடி மறிச்சுக்கொண்டு நிக்குது" என்றார்.

"மறிக்கிறதை விடுறதுதானே" என்றார் பொன்னுத்துரை.

இரண்டாவது தடியின் நூலை முதல் தடியின் பிடியில் கட்டி, முதல் தடியை ரீலோடு தண்ணீரில் இறக்கினார்கள். இரண்டு கலர் போனது. மூன்றாவதின் நூலை இரண்டாவதில் கட்டி, அதையும் இறக்கினார்கள். மூன்றாவது ரீலிலிருந்து இரண்டு கலர். மொத்தம் ஏழு. மிஞ்சியிருந்த ஒரே தடியைப் பிடித்துக்கொண்டு சோதிலிங்கம் அன்றுதான் முதல் தடவையாகச் சிரித்தார்.

கரையில் நாகேந்திரத்துக்கு எதிரே பழைய கூட்டாளி ஒருவர் வந்தார். இருவரும் நின்று வீட்டு விலை பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். படகும் நின்றது. வீட்டு விலை பற்றிய கதை இலேசில் முடிகிற கதையா? ஈயநூல் ஆறுதலாகத் தாழ்ந்து போய், இரண்டு தடிகளோடும் அடியிலிருந்த பாறைக்குள் சிக்கிக்கொண்டது.

ஒருவழியாக நாகேந்திரம் நடக்கத் தொடங்கினார். படகும் புறப்பட்டது. சோதிலிங்கத்தின் தடி வில்லாக வளைந்தது.

"பிடிபட்டிட்டுது" என்றார்.

மோட்டாரை நிறுத்திவிட்டு இருவருமாக ரீலைச் சுற்றினார்கள். படகு பின்னோக்கிப் போனது.

"நாங்கள் இழுக்கிறமா, அது இழுக்குதா?" என்றார் பொன்னுத்துரை.

"அதுதான். பெரிய சாமான். எங்களைத் தன்ரை இடத்துக்குக் கொண்டுபோகுது" என்றார் சோதிலிங்கம் மரியாதையோடு.

ஒரு மணித்தியாலமாக இதைப் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் தன் படகில் வந்தார். நூலை வெட்டிவிட்டு, அவர்களைக் கரைவரை கொண்டுவந்து சேர்த்தார். சோதிலிங்கத்தின் கண் கலங்கியிருந்ததைக் கண்டு மனம் இளகி, தான் பிடித்த சால்மன் ஒன்றைத் தண்ணீர் வாளியோடு கொடுத்துவிட்டுப் போனார். பத்து இறாத்தல் இருக்கும். உயிரோடு துள்ளியது.

மூவரும் வாளியைச் சுற்றிக் குந்தினார்கள்.

"மீன் கிடைச்சிட்டுது" என்றார் பொன்னுத்துரை.

"கிடைச்சது சரி. நான் பிடிக்கேல்லையே. சம்பந்தியிட்டைப் பொய் சொல்லலாமே?" என்றார் சோதிலிங்கம்.

நாகேந்திரம் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "மீன் வாளிக்குள்ளை இருக்கும்வரைக்கும் உன்னாலை பிடிக்கேலாது. முதல் தண்ணியிலை விடவேணும்."

அதில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. வாளியை ஏரியில் மெல்லக் கவிழ்த்தார்கள். சால்மன் வாலை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போனது.

"இப்ப ஒரு தடிதான் மிச்சம், தூண்டில் இல்லையே" என்றார் பொன்னுத்துரை.

"தூண்டில் எந்தக் கடையிலையும் வாங்கலாம். மீன்தான் முக்கியம். அது இருக்குது" என்றார் நாகேந்திரம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விநாசித்தம்பி மனைவியோடு வந்தார். மேசையில் கத்தரிக்காய்க் குழம்பும் பருப்பும் இருந்தன. சோதிலிங்கம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். மகள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

விநாசித்தம்பி முகத்தை இறுக்கிக்கொண்டு கேட்டார். "அப்ப மீன் தலை ஆருக்கு?"

"உங்களுக்குத்தான் சம்பந்தி. ஏரிக்குள்ளை பத்திரமா இருக்கு."

"நடுத்துண்டு?"

"மாப்பிள்ளைக்கு."

விநாசித்தம்பியின் முகம் மலர்ந்தது. "மரியாதை தெரிஞ்ச குடும்பம்" என்று மனைவியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ஆவணியில் நாள் வைத்தார். எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

புறப்படும்போது சம்பந்தியம்மா கூச்சத்தோடு, "மாப்பிள்ளையின்ரை துண்டைக் கட்டித் தந்தால் கொண்டுபோய்க் குடுப்பன்" என்றார். சோதிலிங்கத்தின் மனைவி ஓடிப்போய், கழுவித் துடைத்த வெறும் டப்பா ஒன்றை மூடிக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த அம்மா அதை இரண்டு கைகளாலும் வாங்கி, குழம்பு சிந்திவிடாமல் நிமிர்த்திப் பிடித்தபடி காரில் ஏறினார்.