சிவப்புக் கடைக்குள்ள போன யானை

துள்ளுவபுரி மகாராஜா சிங்கமுகராயருக்கு ஒரு பழக்கம். ஜோரா ஒரு சட்டம் போடுவாரு. போட்ட கையோட தூங்கப் போயிருவாரு. மிச்ச வேலையைச் சட்டமே எந்திரிச்சுப் போயி பாத்துக்கும்னு நெனப்பு.

அப்படித்தான் ஒரு நாள் சொன்னாரு: "எந்தச் சரக்கையும் ஒரே ஆளு மொத்தமா வச்சுக்கக் கூடாது. போட்டி இருந்தாத்தான் விலை குறையும்!"

நல்ல சட்டம். ஆனா வெல்ல வியாபாரி குபேரலிங்கம் அதுக்கு முன்னாடியே ஊர்ல பக்கத்துப் பக்கத்துல இருந்த மூணு வெல்லக் கடையையும் வாங்கி முழுங்கியிருந்தான். சட்டம் வந்ததும் என்ன பண்ணான்? மூணு கடை வாசல்லயும் மூணு கலர்ல துணி கட்டினான். மஞ்சக் கடை அவனுது. சிவப்புக் கடை மச்சான் மாசிலாமணியுது. பச்சைக் கடை மருமகன் வடிவேற்கரசனுது. "இனிமே மூணும் தனித்தனி"ன்னான். முடிஞ்சுது கதை.

தனித்தனிதான். ஆனா விலை மட்டும் கையைக் கோத்துக்கிட்டு ஏறுச்சு. மஞ்சக் கடையில தும்மினா பச்சைக் கடையில விலை ஏறும். முன்னாடி ஒரு பணத்துக்கு அஞ்சு உருண்டை. இப்ப ஒண்ணே ஒண்ணு. மறுநாள் பொங்கல் வேற. சக்கரைப் பொங்கல்ல வெல்லத்தைக் காட்டிட்டு எடுத்துர வேண்டியதுதான்!

சபையில ஆவுடைநாயகின்னு ஒருத்தி இருந்தா. மகாராஜாவுக்கு யோசனை சொல்றது அவ வேலை. கேக்காமயே சொல்றது அவ குணம்.

"மகாராஜா, மூணு கடையும் ஒரே ஆளுது. உங்களை நல்லா ஏமாத்துறான்."

மகாராஜாவுக்கு மூக்கு செவந்து போச்சு. "என்னையா? கூப்பிடு அவனை!"

குபேரலிங்கம் வந்தான். கண்ணுல தண்ணியோட கையைத் தூக்கினான். "சத்தியமா சொல்றேன் மகாராஜா. சிவப்புக் கடையும், அதுல இருக்கற வெல்லமும் மச்சானுது. பச்சைக் கடை மருமகனுது. எனக்கு ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

"மச்சான், மருமகன்னு சொல்லிட்டு உறவு இல்லைங்கறியே, வாயா அது?"ன்னா ஆவுடை.

"இவ நாக்கு ரொம்ப நீளம் மகாராஜா!"

"நாளைக்குள்ள நிரூபிச்சுரு ஆவுடை"ன்னாரு மகாராஜா. "இல்லைன்னா அந்த நாக்கை அறுத்துருவேன். அவன் சொன்னது பொய்யின்னா, சபையில பொய் சொன்னதுக்கு ஆயுசு பூரா ஜெயில்."

ஆவுடைக்கு நாக்கைத் தவிர வேற சொத்தே கிடையாது. மறுநாள் காலையில அரண்மனை யானையைக் கடைத்தெருவுக்கு ஓட்டிட்டு வந்தா. பின்னாடியே மகாராஜாவும் சேவகனோட வந்தாரு. யானை பேரு செல்லக்கிளி. கிளி மாதிரிதான் கொறிக்கும், ஆனா மூட்டை மூட்டையா.

"இன்னைக்கு செல்லக்கிளிக்குப் பொங்கல் விருந்து!"ன்னு ஆவுடை கத்தினா. "காசு கிடையாது. எந்தக் கடையில சாப்பிடட்டும்? குபேரலிங்கம் ஐயா, நீங்களே சொல்லுங்க."

குபேரலிங்கம் என்ன லேசுப்பட்ட ஆளா? மத்த கடையைக் காப்பாத்தினா மாட்டிக்குவோம்னு கண்ணியைப் பாத்துட்டான். "சிவப்புக் கடை! அவன் எனக்குப் பரம எதிரி. நல்லா தின்னட்டும்!"

"அத்தான்!"னு அலறினான் மாசிலாமணி.

"யாருடா உனக்கு அத்தான்?"

செல்லக்கிளி சிவப்புக் கடைக்குள்ள தலையை விட்டுச்சு. கடக், முடக். தட்டு காலி. குபேரலிங்கம் மஞ்சக் கடையில உக்காந்து சிரிச்சான். சிரிக்கச் சிரிக்க கண்ணுல தண்ணி ஊத்துச்சு.

"ஏன்யா அழற?"ன்னாரு மகாராஜா.

"ஆனந்தக் கண்ணீர் மகாராஜா. போட்டிக்காரன் ஒழிஞ்சான்ல!"

முன்னாடி இருந்த வெல்லம் தீந்துச்சு. உள்ள இருந்து இன்னும் வாசம் வருது. செல்லக்கிளி உள்ள போச்சு. முழுசா போச்சு. வால்கூடத் தெரியல.

தெருவே கழுத்தை நீட்டிக்கிட்டு நின்னுச்சு. ஆவுடையும்தான்.

அப்ப மஞ்சக் கடையில குபேரலிங்கத்துக்குப் பின்னாடி புஸ்ஸுன்னு காத்து வந்துச்சு. அவன் தோளுக்கு மேல ஒரு தும்பிக்கை நீண்டுச்சு. தராசுல இருந்த உருண்டையை அலுங்காம எடுத்துச்சு. சிவப்புக் கடையில நுழைஞ்ச யானை மஞ்சக் கடை வழியா எட்டிப் பாக்குது!

"முன்னாடி மூணு வாசல், பின்னாடி ஒரே கிடங்கு"ன்னா ஆவுடை. "வெல்ல வண்டியெல்லாம் பின்பக்கம் ஒரே கதவுலதான் இறக்குது. நடுவுல ஒரு சுவரு வைக்கக்கூட இந்தக் கஞ்சனுக்கு மனசு வரல. கலர் துணி நம்ம கண்ணைத்தான் ஏமாத்தும் மகாராஜா. யானை மூக்கை ஏமாத்துமா?"

"புடிங்கடா அவனை!"

"இருங்க, இருங்க"ன்னா ஆவுடை. "இவரு ஜெயிலுக்குப் போனா வெல்லம் விலை குறையுமா? ஐயா, கடைசியா கேக்கறேன். நேத்து சத்தியம் பண்ணது பொய்யா, நிஜமா? பொய்யின்னா ஜெயில். நிஜம்னா அந்த ரெண்டு கடையும், கிடங்குல அதுக்கான பங்கும் இந்த நிமிஷத்துல இருந்து அவங்களுது."

குபேரலிங்கம் யானையைப் பாத்தான். சேவகனைப் பாத்தான். "நிஜம்தான்... அவங்களுதுதான்."

சொல்லி வாயை மூடல, பச்சைக் கடையில இருந்து ஒரு சத்தம்: "ஒரு பணத்துக்கு மூணு உருண்டை! வாங்க, வாங்க!"

"மாப்ள! என்ன இது? நீங்க நம்ம ஆளு!"

"யாரு மாமா நம்ம ஆளு? ஒட்டும் இல்ல உறவும் இல்லைன்னு நீங்கதானே சத்தியம் பண்ணீங்க?"

"நாலு!"ன்னான் மாசிலாமணி. "நாலு உருண்டை! யானை நக்குனது ஆறு!"

"அடப்பாவிகளா!" குபேரலிங்கம் தலையில கைய வச்சான். அப்புறம் தொண்டையைக் கிழிச்சுக்கிட்டு அவனே கத்தினான்: "அஞ்சு!"

மகாராஜா வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிச்சாரு. கிரீடம் கழண்டு செல்லக்கிளி கால்ல விழுந்துச்சு. "ஆவுடை, உன் நாக்கு பொழைச்சுது! பரிசா ஒரு மூட்டை வெல்லம் தர்றேன். யாருப்பா அங்க, போயி வாங்கிட்டு வா!"

ஆவுடை கையை நீட்டித் தடுத்தா.

"அவசரப்படாதீங்க மகாராஜா. கொஞ்ச நேரம் நின்னு வாங்குவோம். இன்னும் குறையும்."