கிளட்ச் பிளேட்

கோவில்பட்டியில் சலோமி டீச்சரிடம் இரண்டு பேர் வண்டி வேலை கற்றுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அருமைராஜ், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், டீச்சரிடம் வந்து நான்கு வருடம். மற்றவர் தமீம், துபாயிலிருந்து திரும்பி வந்து சேர்ந்தவர், எட்டே மாதம். தொழிற்பயிற்சி நிலையத்தில் பாடம் எடுத்தவர் என்பதால், தன்னைவிட மூத்த இந்த இருவருக்கும் சலோமி டீச்சர்தான்.

அருமைராஜின் வேன் ஒரு மாதமாகப் புகை கக்கிக்கொண்டிருந்தது. அவர் வீட்டு வாசலிலேயே இன்ஜினை வெளியே எடுத்து, பிரித்துப் போட்டுச் சரிசெய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைத் திரும்ப ஏற்ற வேண்டும். விடிந்தால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்.

“தமீம், நீங்க ஏத்துங்க” என்றார் டீச்சர். அருமைராஜை ஸ்பானர் எடுத்துக் கொடுக்கச் சொன்னார்.

அருமைராஜுக்குப் பொறுக்கவில்லை. என் வீடு, என் வண்டி. நான்கு வருடமாக நகக்கண்ணில் கிரீஸோடு சாப்பிடுகிறவன் நான். நேற்று வந்த ஆள் ஏற்றுவானாம். போதாததற்கு அருமைராஜின் மனைவியும் டீயை முதலில் தமீமிடம்தான் நீட்டினாள்.

டீச்சர் வீட்டுக்குள் போயிருந்த நேரம். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே வரும் கிளட்ச் பிளேட்டைத் தமீம் முன்பக்கம் பின்பக்கமாக மாற்றி வைத்தார். அருமைராஜ் பார்த்தார். சொல்ல வாய்வரை வந்தது. கெடப்போவது தன் வண்டிதான் என்றும் தெரியும். ஆனாலும் சொல்லவில்லை. அடுத்த ஸ்பானரை எடுத்து நீட்டினார்.

மத்தியானம் இன்ஜின் ஏறியது. சாவி திருப்பியதும் ஓடவும் செய்தது. கியர் மட்டும் விழவில்லை, கறகறவென்று கத்தியது.

தமீம் சற்று யோசித்துவிட்டு, பிளேட்டைத் தான்தான் மாற்றி வைத்திருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். இன்ஜினை மறுபடி வெளியே எடுத்தாக வேண்டும்.

அருமைராஜ் டீச்சரிடம் போனார். உள்ளுக்குள் இனித்தது.

“இந்த வேலையை ஏன் டீச்சர் அவருக்குக் கொடுத்தீங்க?”



“இன்ஜினை எடுக்கிற வேலையை நீங்க செய்யுங்க” என்றார் டீச்சர். தமீமை வண்டிக்கு அடியில் படுத்து கியர்பாக்ஸைத் தாங்கச் சொன்னார். பிறகு வேப்பமர நிழலில் உட்கார்ந்து போல்ட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தார்.

போல்ட்டுகளைக் கழற்றியதும், நான்கு வருடம் ஏங்கிய, இன்ஜினைத் தூக்கும் சங்கிலி அருமைராஜின் கைக்கு வந்தது. இழுத்தார். இன்ஜின் அசைந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

“அண்ணே, நிறுத்துங்க.” கீழேயிருந்து தமீமின் குரல். மரத்தடிக்குக் கேட்காத அளவு மெதுவாக. “இடது பக்கத்து போல்ட் ஒண்ணு இன்னும் கழட்டலை. நீங்க சங்கிலியைப் பிடிச்சுக்குங்க, நான் கழட்டிடுறேன்.”

கழற்றினார். “இப்ப இழுங்க அண்ணே.”

இன்ஜின் அலுங்காமல் மேலே வந்தது. அருமைராஜ் சங்கிலியைக் கட்டினார். பிறகு மரத்தடிக்குப் போனார்.

“டீச்சர், அந்த பிளேட் மாறியிருந்ததைக் காலையிலேயே நான் பார்த்தேன்.”

டீச்சர் கையிலிருந்த போல்ட்டைத் துடைத்து முடித்தார்.

“அதை எங்கிட்ட ஏன் சொல்றீங்க? அவர் இன்னும் வண்டிக்கு அடியிலதான் படுத்திருக்கார்.”