தராசில் ஏறிய சிக்கல்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், எதையும் அளந்து பார்த்தால்தான் தூக்கம் வரும் என்கிற ராஜா ஒருவர் இருந்தார். யானையின் கொட்டாவிக்குக்கூட முழம் போட்டவர்.

ஒருநாள் சாத்தன் என்கிற உழவன் சபையில் வந்து நின்றான். "சாமி, ஏரி நெறஞ்சு கெடக்கு, எங்க பயிரு கருகுது. மதகைத் தொறக்கச் சொல்லிக் கேட்டா ஒரே சிக்கலா இருக்குங்க" என்று அழுதான்.

ஏரிப் பொறுப்பு தென்னவரையர் என்ற அமைச்சருடையது. "ஐந்தே பேர் பார்க்கும் எளிய வேலை, அரசே. இதில் சிக்கல் ஏது?" என்றார்.

"உண்டு என்கிறான் அவன், இல்லை என்கிறீர் நீர். எவ்வளவு சிக்கல் என்று நிறுத்துச் சொல்ல இங்கே ஆளில்லையா?" என்றார் ராஜா.

அவையில் விகடம் பேசும் நக்கனை அங்கிருந்து விரட்ட வெகுநாளாகக் காத்திருந்தவர் தென்னவரையர். "நக்கன் இருக்கிறாரே! மாலைக்குள் நிறுத்துச் சொல்லட்டும். முடியாவிட்டால் நாட்டை விட்டே போகட்டும்" என்றார். ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

நக்கன் யோசித்தான். சிக்கலை எந்தத் தராசில் வைப்பது? சாத்தனின் முகத்தைப் பார்த்தான், பாவமாக இருந்தது. பெரிய நூற்கண்டு ஒன்றை வரவழைத்து, நுனியை வாசல் தூணில் கட்டி, கண்டைச் சாத்தன் கையில் கொடுத்தான்.

"போகச் சொல்கிற இடத்துக்கெல்லாம் போ அப்பா. நூலை விட்டுக்கொண்டே போ."

மதகுக்காரன் சாவிக்காரனிடம் போகச் சொன்னான். சாவிக்காரன் காவல் தலைவனைக் கைகாட்டினான். அவன் கணக்கரிடம் அனுப்ப, கணக்கரோ மதகுக்காரனைக் கேட்டு வரச் சொன்னார். மறுபடி மதகுக்காரன், மறுபடி சாவிக்காரன். நடுநடுவே தென்னவரையரின் கதவு. அவரோ சாப்பாட்டுக்குப் பிறகு வா என்றார். மாலையில் அரண்மனை முழுக்க நூல். நக்கன் அதை அள்ளித் தராசில் போட்டான்.

"மூன்று பலம் எடையுள்ள சிக்கல், அரசே!"

"ஏமாற்று வேலை!" என்று குதித்தார் தென்னவரையர். "இது நூலின் எடை. கண்டாக இருந்தபோதும் இதே எடைதானே?"

"மெய்தான் ஐயா. ஆயிரம் இழை ஒழுங்காக ஓடும் தறியில்கூடச் சிக்கல் இல்லை. நீங்கள் ஐந்தே பேர் என்று ஆளை எண்ணினீர்கள். அவர்களுக்கிடையே சாத்தன் அலைந்த அலைச்சலை எண்ணவில்லை. இது வெறும் நூல்தான் என்றால் மறுபடி கண்டாகச் சுற்றிக் கொடுங்கள். நான் இப்போதே மூட்டை கட்டுகிறேன்."

அமைச்சர் சப்பணமிட்டு உட்கார்ந்து நுனியைத் தேடினார். ஒன்றை இழுத்தால் ஒன்பது இறுகின. முதலில் மோதிரம் மாட்டியது, பிறகு தாடி. சபை வாயைப் பொத்திக்கொண்டது. கடைசியில் அவருக்குப் பொறுமை போயிற்று.

"இது அவிழாது அரசே! அறுத்து எறிந்தால்தான் தீரும்!"

"அமைச்சரே சொல்லிவிட்டார்" என்று நக்கன் பணிவாகக் கைகூப்பினான்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "அறுத்தோம்! இனி மதகுச் சாவி உழவர்களிடமே இருக்கட்டும்" என்று சொல்லி, தன் பட்டுச் சால்வையை நக்கன் தோளில் போர்த்தினார். நன்றி சொல்வான் என்று சாத்தனைத் தேடினால் ஆளைக் காணோம். அவன் சாவிக்காரனிடமிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஏரிக்கு ஓடியிருந்தான்.