எண்பத்து நான்கு கட்டங்கள்

மணிமுத்தாற்றங்கரையில் ஒரு தருமச்சாலை. அங்கே மரகதம்மைதான் குரு. சீடர் தணிகாசலத்துக்கு அவரைவிட இருபது வயது கூடுதல். தாலுகா அலுவலகத்தில் முப்பது வருடம் எழுதித் தள்ளிவிட்டு வந்து சேர்ந்தவர். எக்செல் தெரிந்த மனிதர் என்று இலவசக் கண்புரை முகாமுக்குப் பெயர் பதியும் வேலையை அவர் தலையில் கட்டியிருந்தார்கள்.

அவர் ஓர் அட்டவணை போட்டு வைத்திருந்தார். மேலிருந்து கீழாகப் பன்னிரண்டு ஊர்கள், குறுக்கே முகாமின் ஏழு நாட்கள். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு நாளைக்கு ஒருவர். ஆஸ்பத்திரியோ ஊர், நாள், பெயர் என்று வரிக்கு ஒருவராகப் பட்டியல் கேட்டது. மாலை நான்கு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு ஆபரேஷன் கிடையாது.

போன முகாமில் கையால் பார்த்து எழுதியபோது ஒரு பெயரை விட்டுவிட்டார். பச்சையம்மாள் என்ற கிழவி இரண்டு பஸ் மாறி வந்து, துணி மூட்டையோடு அப்படியே திரும்பிப் போனாள். ஆறு மாதமாகியும் அவருக்கு மனசு ஆறவில்லை.

இந்த முறை மூன்று தடவை எழுதினார். மூன்று தடவையும் எண்ணிக்கை வேறு வேறாக வந்தது. பயந்துபோய் மரகதம்மையிடம் ஓடினார்.

“சூத்திரம் போட்டா யாரும் விடுபட மாட்டாங்கம்மா. ஆனா எந்த வரிசை, எந்தக் கட்டம்னு அதுக்குச் சொல்லணும். எண்பத்து நாலு தடவை எப்படிச் சொல்றது?”

அம்மைக்கு எக்செல் என்றால் என்னவென்றே தெரியாது. பந்தி தொடங்குகிற நேரம். சாம்பார் வாளியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். இருக்கிற அவசரத்தில் இது வேறா என்று மனதுக்குள் முனகிக்கொண்டே தணிகாசலம் பரிமாறப் போனார்.

வரிசைக்கு ஏழு இலை. ஒரு வரிசையை முடித்தார், அடுத்த வரிசையின் முதல் இலைக்கு வந்தார். அதையும் முடித்தார். அம்மை பின்னாலேயே நடந்து வந்தார்.

“நாப்பத்தஞ்சாவது இலை எங்க இருக்குங்க ஐயா?”

“ஆறு வரிசை முடிஞ்சா நாப்பத்திரண்டு. ஏழாவது வரிசையில மூணாவது இலை.”

“ஒவ்வொண்ணா எண்ணாமலே சொல்லிட்டீங்களே.”

தணிகாசலம் அப்படியே நின்றார். பிறகு, பாதிப் பந்தி சாம்பாருக்குக் காத்திருக்க, வாளியோடு கணினி இருந்த அறைக்கு ஓடினார். யாரோ பின்னாலேயே ஓடிப்போய் வாளியைப் பிடுங்கி வந்தார்கள்.

வரி எண்ணில் ஒன்றைக் கழித்து ஏழால் வகுத்தார். ஈவோடு ஒன்றைக் கூட்டினால் ஊர், மீதியோடு ஒன்றைக் கூட்டினால் நாள். அந்தக் கட்டத்துப் பெயரை எக்செல்லின் ‘இண்டெக்ஸ்’ கட்டளை எடுத்து வந்தது. ஒரே சூத்திரத்தை எண்பத்து நான்கு வரிக்கும் இழுத்துவிட்டார். பெயர்கள் மளமளவென்று இறங்கின. அட்டவணையில் எழுபத்து மூன்று பெயர். பட்டியலிலும் எழுபத்து மூன்று.

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார். ஆறு மாதத்துப் பாரம் இறங்கியதில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அம்மை வந்து எட்டிப் பார்த்தார். பெயர்களுக்கு நடுவே அங்கங்கே பூஜ்யம் விழுந்திருந்தது. அது என்ன என்று கேட்டார்.

“காலிக் கட்டம்மா. அந்த இடத்துக்கு ஆள் கிடைக்கலை. எக்செல் அதைப் பூஜ்யம்னு காட்டும். இந்தப் பதினொண்ணையும் அழிச்சிட்டு அனுப்பிடறேன். இந்தத் தடவை யாரும் விடுபடலை.”

அம்மை கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றரை.

“அழிக்காதீங்க. நாலு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு. ரெண்டாம் பந்தி இப்பத்தான் உட்கார்ந்திருக்கு. நீங்களே போய்ப் பரிமாறுங்க ஐயா. இந்தத் தடவை இலையை எண்ணாதீங்க. சாப்பிடறவங்க கண்ணைப் பாருங்க.”