ஏதோ ஓடுது

கையில் காசு தொடர்ந்து வரும் என்று நம்பி ஜனங்கள் தாராளமாகச் செலவு செய்கிறார்களா என்று கண்டுபிடிக்கவே ஓர் அலுவலகம். அதற்கு இயக்குநர் வைத்தீசுவரன். வீடு வீடாய்ப் போய்க் கேள்வி கேட்கத் தினக்கூலிக்குச் செண்பகவல்லி.

வந்த பதில்களைப் பார்த்து இயக்குநர் அவள் மேல் எரிந்து விழுந்தார்.

“நிலைமை எப்படின்னு கேட்டா மாடி வீட்டுக்காரனும் ‘ஏதோ ஓடுது’ங்கிறான், குடிசைக்காரனும் ‘ஏதோ ஓடுது’ங்கிறான்! நாளைக்குள்ள இந்த ஊரை உண்மை பேச வை. இல்லேன்னா ஆளை மாத்திடுவேன்!”

“நாளைக்கு எதுக்கு சார்? இப்பவே பார்த்துடலாம். உங்க நிலைமை எப்படி?”

“ஏதோ ஓடுது” என்றார், புது மூன்று மாடி வீட்டு வாசலில் திருஷ்டிப் பூசணி கட்டியிருக்கும் இயக்குநர். அலுவலகமே சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டது.

“சரி சார், உங்க எதிர் வீட்டுக்காரர்?”

“அவனுக்கென்ன! ரெண்டு கார் நிக்குது, தீபாவளிக்கு மூணாவது வாங்கப்போறான். பொண்டாட்டிக்கு வைர மூக்குத்தி வேற...” பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

செண்பகவல்லி அதற்குள் எழுதி முடித்திருந்தாள்.

“கண்ணு பட்டுடும்னு இந்த ஊர்ல யாரும் தன்னைப் பத்திச் சொல்லமாட்டாங்க சார். அடுத்த வீட்டைப் பத்திக் கேளுங்க, கொட்டிடுவாங்க.” தலை நிமிர்ந்து காகிதத்தை அவர் மேஜையில் வைத்தாள். “கேள்வியை மாத்தினாப் போதும். ஆளை மாத்த வேண்டாம்.”